குளிருக்கும் ஒரு கணக்கு உண்டு

(தென்காசியில் இயந்திரப் பொறியியல் மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்தால் வேலை கிடைக்குமா? தென்காசியில் கேட்கிறார்கள். கடையநல்லூரில் கேட்கிறார்கள். சுரண்டையில் கேட்கிறார்கள். செங்கோட்டை பஸ் நிலையத்தில் டீ குடிக்க நின்றாலும் பக்கத்தில் நிற்பவர் கேட்கிறார். கிடைக்கும் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போக நான் இங்கே வரவில்லை. எங்கே கிடைக்கும், என்ன தெரிந்தால் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று விவரமாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

மெக்கானிக்கல் என்றதும் நம் கண்முன் வருவது லேத், வெல்டிங், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கார் கம்பெனி. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1894-இல் இயந்திரப் பொறியியல் பாடம் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் படிப்புக்கு ஆலையின் முகம்தான் இருந்து வருகிறது. ஆலை வேலை நல்ல வேலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். நாலு மாடித் துணிக்கடை எழும்புகிறது. குற்றாலத்தில் விடுதிக்கு மேல் விடுதி எழும்புகிறது. ஆஸ்பத்திரி எழும்புகிறது. கல்யாண மண்டபம் எழும்புகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனதிலிருந்து அரசு அலுவலகங்களும் எழும்புகின்றன. இத்தனை கட்டடங்களுக்குள்ளும் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும், குளிர் வேண்டும், லிஃப்ட் வேண்டும். அவற்றுக்கெல்லாம் கணக்குப் போடுகிறவர் யார்? நம் ஊரில் பெரும்பாலும் ஒருவரும் இல்லை. அந்தக் காலி நாற்காலியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்த மண்டபத்திலிருந்தே தொடங்குவோம். இங்கே முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ நூறு வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. நீங்கள் ஒவ்வொருவரும் எரிகிற ஒரு நூறு வாட் குண்டு பல்பு! முந்நூறு பேருக்கு முப்பதாயிரம் வாட். ஏசிக்காரர் பேசும் கணக்கில் ஒரு டன் என்பது ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு வாட். ஆக, உங்கள் உடம்புச் சூட்டை மட்டும் வெளியேற்ற எட்டரை டன் குளிர் வேண்டும். கூரையில் இறங்கும் வெயில் தனி. விளக்கு தனி. கதவைத் திறக்கும்போது நுழையும் காற்று தனி. இந்த டன் எங்கிருந்து வந்தது? 907 கிலோ பனிக்கட்டி, அதாவது அமெரிக்கர்களின் ஒரு டன், இருபத்துநான்கு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உள்ளே இழுக்குமோ, அதுவே ஒரு டன். பனிக்கட்டி விற்ற காலத்துக் கணக்கு இன்றுவரை நம் ஏசிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்தில் என்ன செய்கிறார்கள்? நூறு சதுர அடிக்கு ஒரு டன் என்று வாய்க்கணக்கு. யாரும் ஆட்களை எண்ணுவதில்லை, ஜன்னலை அளப்பதில்லை, கூரையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது என்று ஒரு டன் இடத்தில் இரண்டு டன் மாட்டிவிட்டுப் போகிறார்கள். கூடப் போட்டால் நல்லதா? குற்றாலத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

சாரல் காலம். ஆடி மாதம். ஒரு விடுதிக்காரர் கூப்பிட்டிருந்தார். "தம்பி, பதினெட்டுல வச்சாலும் ரூமு நசநசன்னு இருக்குன்னு வாரவங்க எல்லாம் சொல்லுதாங்க, இன்னும் பெரிய மிஷின் போடணுமா?" என்றார். அறை நூற்றைம்பது சதுர அடி இருக்கும். மாட்டியிருந்தது இரண்டு டன். உள்ளே போனால் சில்லென்று இருக்கிறது, ஆனால் தலையணை உறை ஈரமாக இருக்கிறது. அலமாரிக்குள் பூஞ்சை வாடை. நாற்காலியில் போட்ட துண்டு இரண்டு நாளாகக் காயவில்லை.

காரணம் என்ன? குற்றாலத்துச் சாரலில் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. ஈரம்தான் பிரச்சினை. ஏசி ஈரத்தை எடுப்பது எப்படி? குளிர்ந்த காயிலின் மேல் காற்று போகும்போது, குளிர்ந்த தண்ணீர் வைத்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல நீர் திரண்டு, சொட்டி, குழாய் வழியே வெளியே போக வேண்டும். அதற்கு மிஷின் நெடுநேரம் ஓட வேண்டும். இரண்டு டன் மிஷின் சின்ன அறையைச் சில நிமிடங்களில் குளிர்த்துவிட்டு நின்றுவிடுகிறது. காயிலில் திரண்ட ஈரம் வடிவதற்கு முன்பே மறுபடி காற்றில் கலந்துவிடுகிறது. போதாததற்குப் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. அது உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக ஜன்னல் இடுக்குகள் வழியே சாரல் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. ஐந்தருவியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, மிஷினைக் குறை சொல்கிறோம்!

பெரிய மிஷின் வேண்டாம் அண்ணாச்சி, சின்ன மிஷின் போடுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரே ஒரு அறையில் செய்து பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார். ஒரு டன் இன்வர்ட்டர் ஏசி, ஜன்னலுக்கு ரப்பர் பட்டை, குளிக்கும்போதும் அதன் பிறகு கொஞ்ச நேரமும் மட்டும் ஓடும்படி எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு டைமர். செட்டிங் இருபத்தைந்து. அந்த அறையில் துண்டு காய்ந்தது. அதற்கப்புறம் அவரே மற்ற அறைகளையும் மாற்றிக்கொண்டார்.

இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். மிஷினைப் பெரிதாக்க யாராலும் முடியும். கணக்குப் போட்டு அதைச் சின்னதாக்கத் தெரிந்தவர்தான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். சின்ன மிஷினுக்கு விலை குறைவு, கரன்ட் குறைவு, கேபிள் குறைவு, டிரான்ஸ்ஃபார்மர் குறைவு.

அதே விடுதியில் மாடிக்கு மாடி கீசர். கீசர் ஒரு யூனிட் கரன்ட்டை வாங்கி ஒரு யூனிட் வெப்பம் தரும். ஹீட் பம்ப் என்றொரு கருவி இருக்கிறது. ஏசியையே திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக் காற்றிலிருக்கும் வெப்பத்தை வாரித் தண்ணீருக்குள் போடும். ஒரு யூனிட் கரன்ட்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம். தெர்மோடைனமிக்ஸ் பாடத்தில் கார்னோ சுழற்சியைப் பாஸ் மார்க்குக்காக மனப்பாடம் செய்கிறீர்களே, அந்தப் பாடம்தான் அங்கே விடுதியின் மாத பில்லைக் குறைக்கிறது.

ஈரத்துக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. ஏசி பிறந்ததே மனிதர்களைக் குளிர்விக்க அல்ல. 1902-ஆம் ஆண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். கோடையில் காற்றின் ஈரம் ஏறினால் காகிதம் விரியும், இறங்கினால் சுருங்கும். ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காராது. படம் கலைந்துபோகும். சிவகாசியில் அச்சுத் தொழிலில் இருக்கும் உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள், இந்தத் தொல்லையை அவர் விடிய விடியச் சொல்வார். அதைத் தீர்க்கக் கணக்குப் போட்டவர் வில்லிஸ் கேரியர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. முந்தின வருடம்தான் கல்லூரியை விட்டு வெளியே வந்திருந்தார். உங்களைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர்! காற்றையும் ஈரத்தையும் ஒரே தாளில் காட்டும் சைக்ரோமெட்ரிக் வரைபடத்தை இன்றும் நாம் அவர் போட்ட வழியில்தான் பயன்படுத்துகிறோம்.

இனி வெயிலுக்கு வருவோம். வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயில் விழாது என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது எங்கேயோ வடக்கே எழுதிய புத்தகம். தென்காசி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பது டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது நடுப்பகல் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. அதன்பின் ஆவணி வரையில் அது நமக்கு வடக்கே நின்றுதான் காய்கிறது. அந்த மாதங்களில் உங்கள் வடக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். டெல்லியில் எழுதிய விதியைத் தென்காசியில் ஒட்டினால் பொருந்துமா? பொருந்தாது. இங்கே வடக்குக்கும் தெற்குக்கும் இரண்டுக்கும் சன்ஷேடு வேண்டும்.

அதைவிடப் பெரிய எதிரிகள் கிழக்கும் மேற்கும். மாலை நாலு மணி வெயில் தாழ்வாக வரும். எந்த சன்ஷேடும் அதைத் தடுக்காது. இப்போது தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி வழியாக மதுரை போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். சாலை வடக்கே போகிறது. ஆக, கடைகளின் முகமெல்லாம் கிழக்கு அல்லது மேற்கு. அந்த முகத்தில் தரையிலிருந்து மொட்டை மாடிவரை கண்ணாடி! பட்டணத்துக் கடை மாதிரி இருக்க வேண்டுமாம். மாலையில் முன்பக்கம் நிற்கும் விற்பனைப் பெண்ணுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, பின்பக்கம் பில் போடுகிறவர் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் மூன்றடி தள்ளி ஒரு ஜாலிச் சுவரை எழுப்பியிருந்தால், பல டன் ஏசி மிச்சம். இதைக் கட்டடத்தின் பிளான் போடும்போதே சொல்ல வேண்டும். கண்ணாடி மாட்டிய பிறகு கூப்பிட்டால் நம்மால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

நம் மாவட்டம் இன்னொரு விதத்திலும் அபூர்வமானது. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே பாய்கிறது. மலையடியில் குற்றாலத்தில் அது சாரலாக விழுகிறது. கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் போவதற்குள் மழையை இறக்கிவிட்டு, உலர்ந்த வேகக் காற்றாகிவிடுகிறது. அதனால்தான் அந்தப் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் இரண்டு தட்பவெப்பம்! ஆலங்குளத்தில் ஏர் கூலர் நன்றாக வேலை செய்யும். உலர்ந்த காற்று தண்ணீரைக் குடித்துக் குளிரும். அதே கூலரைக் குற்றாலத்தில் சாரலில் போட்டால் சுவரில் பாசி பிடிக்கும். இந்த வித்தியாசம் தெரிந்த பொறியாளரைச் சென்னையிலிருந்து வரவழைக்க முடியாது. அவர் இங்கேயே பிறந்து, இந்தக் காற்றை முகத்தில் வாங்கி வளர்ந்தவராக இருக்க வேண்டும்.

நம் ஊர்க் காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் நின்றிருக்கிறீர்கள் அல்லவா? நுழையும்போது ஒரு பக்கம் தள்ளும் காற்று, சில அடி உள்ளே போனதும் மறுபக்கம் தள்ளும் என்று நம் பெரியவர்கள் காட்டித் தருவார்கள். பராக்கிரம பாண்டியன் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் எழும்பிய கோயில் அது. உயர்ந்த கோபுரம் காற்றை மறிக்கிறது. மறித்த இடத்தில் அழுத்தம் ஏறுகிறது, மறுபுறம் இறங்குகிறது. அடியில் இருக்கும் வாசல் வழியே காற்று ஓடுகிறது. ஃபேனும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒரு துணிக்கடையின் மாடிப்படிக் கூண்டை இதே விதியில் அமைக்க முடியும். காலையிலும் மாலையிலும் ஏசியை நிறுத்திவிட்டுக் காற்றைக் கூப்பிட முடியும். அதற்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் தெரிய வேண்டும். அரியர் வைத்துவிட்டுக் கடைசி செமஸ்டரில் எழுதித் தள்ளும் அந்தப் பாடம்தான்!

இன்னொரு விதியைச் சொல்கிறேன், இதை வீட்டுக்குப் போகும் வழியில் அசைபோடுங்கள். ஒரு ஃபேனின் வேகத்தை நூறிலிருந்து எண்பதாகக் குறைத்தால் கரன்ட் எவ்வளவு குறையும்? இருபது சதவீதமா? இல்லை. ஏறத்தாழ பாதி குறையும்! வேகத்தின் மூன்றாம் படியில் சக்தி மாறுகிறது. 0.8-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 0.512 வரும். பம்புக்கும் இதே விதிதான். ஆனால் நம் ஊர்க் கட்டடங்களில் மோட்டார் முழு வேகத்தில் ஓட, வால்வைப் பாதி மூடி வைத்திருக்கிறார்கள். ஒரு காலில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, மறு காலில் பிரேக்கை மிதிக்கிறோம். இதை ஒரே ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் சரிசெய்ய முடியும். எங்கே மாட்டுவது, எவ்வளவு மிச்சமாகும், எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்று எழுதிக் கொடுக்கிறவருக்குப் பெயர்தான் எனர்ஜி ஆடிட்டர்.

இதெல்லாம் பெரிய அளவில் நடக்குமா? நடந்திருக்கிறது. ஹைதராபாத் அருகே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011-இல் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் திறந்தது. ஒரே மாதிரியான இரண்டு பாதிகள். ஒரு பாதியில் வழக்கமான ஏசி, அதுவும் நன்றாக வடிவமைத்தது. மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய் பதித்துக் குளிர்ந்த தண்ணீரை ஓட விட்டார்கள். வழக்கமான ஏசி ஆலையில் ஏழு டிகிரித் தண்ணீர் வேண்டும். இங்கே பதினான்கு டிகிரியை ஒட்டிய தண்ணீரே போதும். கம்ப்ரஸருக்கு அவ்வளவு பாடு மிச்சம். இரண்டு பாதிகளையும் மீட்டர் போட்டு அளந்தார்கள். குழாய் பதித்த பாதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் கரன்ட் இழுத்தது. கட்டும் செலவும் கூடவில்லை. அந்தக் கணக்கை உலகப் பொறியாளர்கள் படிக்கும் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அப்படியானால் இதைக் குற்றாலத்தில் அப்படியே செய்யலாமா என்று ஒரு மாணவர் கேட்க வேண்டும். செய்யலாம், ஆனால் முதலில் காற்றின் ஈரத்தை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் கூரையே வியர்த்து மேசைமேல் சொட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். நாடாளுமன்றம் 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றியது. 2002-இல் எரிசக்தித் திறன் செயலகம் வந்தது. ஏசியில் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அவர்கள்தான். 2007-இல் வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பு வந்தது, 2017-இல் திருத்தினார்கள். சட்டத்தையே 2022-இல் திருத்தினார்கள். 2020 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசி எல்லாம் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஆறு சதவீதம் கரன்ட் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. விதி இருக்கிறது. விதியைப் படித்துக் கட்டடத்தில் நடத்திக் காட்ட ஆள் வேண்டும்.

என்னென்ன ஆள்? வெப்பச் சுமையைக் கணக்கிட்டு டக்ட்டும் குழாயும் வரைகிறவர். கட்டடத்தைக் கணினிக்குள் கட்டி, வருடம் முழுவதும் ஓட்டிப் பார்க்கிறவர். அதற்கான எனர்ஜிபிளஸ் மென்பொருள் இலவசம், இன்று இரவே இறக்கிக்கொள்ளலாம். மாட்டிய மிஷின் சொன்னபடி ஓடுகிறதா என்று சோதித்து ஒப்படைக்கிறவர். ஆடிட் செய்கிறவர். எனர்ஜி மேனேஜர், எனர்ஜி ஆடிட்டர் ஆவதற்கு அந்தச் செயலகத்தின் சார்பில் தேசியத் தேர்வு நடக்கிறது. தகுதி விதிகளை அறிவிப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பட்டம் படிக்க முடியாத பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். ஐடிஐயில் குளிர்சாதன மெக்கானிக் பிரிவைச் சின்னதாக எண்ணாதீர்கள். கடையநல்லூரில், புளியங்குடியில் எத்தனை வீடுகள் வளைகுடாவில் ஏசி வேலை பார்த்தவரின் சம்பாத்தியத்தில் எழும்பியவை! இப்போது ஏசிக்குள் ஓடும் பழைய கேஸ் போய்ப் புதிய கேஸ்கள் வருகின்றன. அவற்றில் சில தீப்பற்றக்கூடியவை. அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்ற கைகளுக்குத் தட்டுப்பாடு வரும்.

பெற்றோர்களே, பெண் பிள்ளைகளுக்கு மெக்கானிக்கல் ஆகாது என்று தடுக்காதீர்கள். கணினியில் கட்டடத்தை ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் எந்தச் சுத்தியலைத் தூக்க வேண்டும்? தூக்க வேண்டிய இடத்திலும் அவர்கள் தூக்குவார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கச் சம்பளம் குறைவு. உங்கள் கூடப் படித்தவர் சாஃப்ட்வேரில் சேர்ந்து உங்களைவிடக் கூடுதலாக வாங்குவார். வெயிலில் மொட்டை மாடியில் நிற்க வேண்டிவரும். கணக்கு வராதவருக்கு, வெறும் பட்டத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு இங்கே இடமில்லை. மூன்று நான்கு வருடம் பொறுத்துக் கற்றவரை அப்புறம் யாரும் விட மாட்டார்கள்.

இந்த வேலைக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா? 2011 முதல் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் நடக்கிறது. கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுத முடியும் என்றால், தென்காசியில் உட்கார்ந்து கொச்சியில் எழும்பும் மருத்துவமனைக்கு வெப்பச் சுமைக் கணக்குப் போட முடியாதா? முடியும், மாணவர்களே! வரைபடம் இணையத்தில் வரும், கணக்கு இணையத்தில் போகும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். திங்கட்கிழமை உங்கள் கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள். கடந்த பன்னிரண்டு மாத இ.பி. பில்களைக் கேட்டு வாங்குங்கள். யூனிட்டுகளைக் கூட்டுங்கள். கட்டடத்தின் பரப்பைச் சதுர மீட்டரில் அளந்து வகுங்கள். வருடத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்று ஓர் எண் வரும். அதே கணக்கைப் பக்கத்திலுள்ள ஒரு வங்கிக்கும், ஒரு விடுதிக்கும், ஒரு துணிக்கடைக்கும் போடுங்கள். எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று நான்கு பக்கம் எழுதுங்கள். வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போது அந்த நான்கு பக்கத்தைக் கையில் கொண்டுபோங்கள். எழுதியவர்கள் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள், ஒவ்வொன்றையும் படித்துத் திருத்தி அனுப்புகிறேன். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்; முதலில் மாணவிகள் கேட்கட்டும்.